எஞ்சின் ஆறட்டும்

உக்காருங்க. வண்டி பின்னாடி ஷெட்டுலதான் நிக்குது, எங்கயும் போயிராது. என் வீட்டுக்காரி வளர்மதி டீ போட்டுட்டு இருக்கா. அவ வர்றதுக்குள்ள நான் ஒரு விஷயத்தச் சொல்லிர்றேன். வண்டி விலைக்கு வருதுன்னு உங்களுக்குச் சொன்னது அவ தம்பிதானே? நெனச்சேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. சரி, ஆத்தூர்லருந்து இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. வந்த மனுசன ஏமாத்தி அனுப்பற பழக்கம் எனக்குக் கெடையாது. அதனால முதல்லயே சொல்லிர்றேன். அந்த வண்டி சூடாவும்.

எல்லா வண்டியும்தான் சூடாவும்னு நெனைக்கிறீங்க. இது அப்படி இல்லீங்க.

எனக்கு செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அரூர் நகைக்கடைங்களுக்கு நானே சரக்குக் கொண்டு போவேன். பஸ்ல பையை மடியில இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, தூங்கவும் முடியாம போயிட்டு வந்துட்டிருந்தேன். போதும் இந்தப் பொழப்பு, ஒரு கார் வாங்குங்கன்னு சொன்னதே வளர்மதிதான். அத நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். அவதான் சொன்னா.

அம்மாப்பேட்டையில ஒரு அம்மா வண்டி விக்கிறாங்கன்னு தெரிஞ்சு போனேன். சாரதான்னு பேரு. வீட்டுக்காரர் தீர்த்தகிரி, மாட்டாஸ்பத்திரியில வேல பாத்தவர், தவறிட்டாரு. அவரு ஓட்டுன வண்டி. டீசல் வண்டி, வெள்ளைக் கலரு, உள்ள சீட்டு உறையெல்லாம் அப்படியே புதுசு மாதிரி. எப்படித் தவறினாருன்னு நான் கேக்கல. அது மரியாத இல்ல பாருங்க. அந்தம்மா சாவியக் குடுத்துட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க. பழகின வண்டி வாசலத் தாண்டிப் போவும்போது ஒரு எட்டு வந்து பாப்பாங்க இல்லையா, அது கூடச் செய்யல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

அப்புறம் அரூருக்குக் கெளம்பினேன். நீங்க மஞ்சவாடி கணவாய் போயிருக்கீங்களா? சேலத்துலருந்து அரூர் போற வழியில வரும். ரெண்டு பக்கமும் மல, நடுவுல ரோடு ஏறும். ரொம்பச் செங்குத்தெல்லாம் இல்ல, ஆனா விடாம ஏறும். டேஷ்போர்டுல எஞ்சின் சூட்டக் காட்டுற முள்ளு பாதியில நின்னுட்டிருந்துச்சு. கடைசி வளைவு தாண்டினேன். முள்ளு எந்திரிச்சுச்சு. எந்திரிச்சுச்சுன்னுதாங்க சொல்லணும். படுத்திருந்த ஆளு எந்திரிக்கிற மாதிரி மெதுவா எந்திரிச்சு செவப்புக்குப் போச்சு.

ஏசிய அணைச்சேன். ஹீட்டரப் போட்டா எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ள எறங்கும்னு யாரோ சொல்லிக் கேட்டிருக்கேன், அந்த வெயில்ல ஹீட்டரையும் போட்டேன். கேக்கல. பானட்டுக்குள்ளருந்து ஆவி வருது. ஓரமா நிறுத்தினேன். அங்க ஒரே ஒரு வீடு. கல்நார்க் கூரை, நீலக் கதவு. வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க, இடுப்புல தண்ணிக் குடம்.

நல்லாக் கேளுங்க. நான் வண்டிய நிறுத்தி, கதவத் தெறந்து, எறங்கி, அப்புறம் ஆவியப் பாத்து அவங்க தண்ணி எடுத்துட்டு வந்தா அது நியாயம். அவங்க முன்னாடியே நிக்கிறாங்க.

கிட்ட வந்து டிரைவர் சீட்டத்தான் மொதல்ல குனிஞ்சு பாத்தாங்க. அப்புறந்தான் என்னைய. நான் ரேடியேட்டர் மூடியில கைய வெக்கப் போனேன்.

"இப்பத் தெறக்காதீங்க. மூஞ்சியில அடிச்சிரும். எஞ்சின் ஆறட்டும்"னாங்க.

"உங்களுக்கு வண்டியப் பத்தித் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"இந்த வண்டியத் தெரியும்"னாங்க.

அதோட குடத்த எறக்கி வெச்சு, ஒரு பிளாஸ்டிக் சேர் கொண்டாந்து நெழல்ல போட்டுட்டு உள்ள போயிட்டாங்க. நான் ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தேன். குடத்துல இருந்தத ஊத்துனேன். அரூர் போனேன். வர்றப்ப எறக்கம், ஒண்ணும் ஆவல.

மறுநாளே மெக்கானிக்கிட்ட விட்டேன். இம்மானுவேல்னு, அஸ்தம்பட்டியில ஷெட் வெச்சிருக்கான். வேலக்காரன், ஆனா வாய் ஜாஸ்தி. மொதல்ல எஞ்சின ஆத்துற கூலண்ட் தண்ணி கம்மியா இருக்குதுன்னு ஊத்தினான். அடுத்த வாரம் அதே எடத்துல முள்ளு எந்திரிச்சுது. ரேடியேட்டரக் கழட்டி அடைப்பு எடுத்தான். திரும்பவும் எந்திரிச்சுது. தெர்மோஸ்டாட் மாத்தினான், அது மூடியே இருந்தா தண்ணி சுத்தாதுன்னான். மாத்தியும் எந்திரிச்சுது. வாட்டர் பம்ப் மாத்தினான். ஃபேன் சுத்துதான்னு பாத்தான். ஹெட் கேஸ்கட் போயிருக்கும்னு சொல்லி சோதிச்சுப் பாத்தான், அது நல்லாருக்குது. சூட்டக் காட்டுற சென்சாரே பொய் சொல்லலாம்னு அதையும் மாத்தினான். ஒவ்வொரு தடவையும் அதே வளைவு, அதே வீடு, அதே குடம்.

ஒரு நாள் நானும் வர்றேன்னு அவனே ஸ்டீயரிங் முன்னாடி ஏறி உக்காந்தான். மஞ்சவாடி ஏறினோம். முள்ளு பாதியில நின்னது நின்னபடி இருக்குது. ஏசி போட்டான், மூணாவது கியர்ல இழுத்தான், எஞ்சினக் கத்த விட்டான். அசையல. நீலக் கதவு வீட்டத் தாண்டிப் பாப்பிரெட்டிப்பட்டி வரைக்கும் போயிட்டோம்.

"அண்ணா, நீங்க தனியாப் போனா மட்டும் சூடாவுதுன்னா நான் எஞ்சின்ல என்னத்தத் தேடறது?"ன்னான்.

"எதோ ஒழுகுதுடா. நீதான் போன வாரம் தண்ணி கொறஞ்சிருக்குதுன்னு சொன்னே."

"கொறஞ்சுதான் இருந்துச்சு. ஒழுக்கு எங்கயும் இல்ல. கெளம்பறப்ப தண்ணி யாரு பாக்கறா?"

"நான்தான் பாக்கறேன். வேற யாரையும் நான் தொட விடறதில்ல"ன்னேன்.

அவன் என்னைய ஒரு மாதிரிப் பாத்தான். வாய் ஜாஸ்தின்னு சொன்னேன் பாருங்க, அன்னிக்கு மட்டும் அந்த வாய் எங்கயோ போயிருச்சு.

சரி, எஞ்சின் சொல்லல, பழைய ஓனரு வீட்ல கேப்போம்னு அம்மாப்பேட்டைக்குப் போனேன். சாரதாம்மா என்னைய உக்கார வெச்சு மோர் குடுத்தாங்க.

"ஏம்மா, வண்டி உங்க வீட்டுக்காரர்கிட்ட சூடாவுமா?"ன்னு கேட்டேன்.

அந்தம்மா சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு இல்ல அது. "வாராவாரம் சூடாவும். அரூர் டூட்டி போனா வர்றப்ப இருட்டிரும். ஏன் லேட்டுன்னு கேட்டா, வண்டி சூடாயிருச்சு, ஆற வெச்சு எடுத்துட்டு வர்றேம்பாரு. இங்க ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டினேன். குத்தம் ஒண்ணும் இல்ல, நல்ல வண்டின்னான். அதுக்கு மேல நான் கேக்கறத விட்டுட்டேன்."

"அப்ப சூடாவே இல்லையா?"

"கடைசியா ஒரு நாள் நெசமாவே சூடாச்சு"ன்னாங்க. "மஞ்சவாடியில ரோட்டோரம் நிறுத்தி, எஞ்சின அணைக்காம, ஏசி போட்டுக்கிட்டு உக்காந்திருந்திருக்காரு. உக்காந்த எடத்துலயே உசுரு போயிருச்சு. போற வர்றவங்க தூங்குறாருன்னு நெனச்சிருக்காங்க. மத்தியானம் பூராவும் எஞ்சின் ஓடிட்டே இருந்து, தண்ணியெல்லாம் வத்தி, கொதிச்சு ஆவி வந்தப்பறந்தான் ஆளுங்க கிட்டப் போயிருக்காங்க. வண்டி கொதிச்சுதான் ஊருக்குச் சொல்லுச்சு."

மோர் டம்ளரக் கீழ வெச்சேன். அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாங்க.

"அந்த எடத்துல வீடு எதுனா இருக்குதா?"

"இல்லம்மா, வெறும் பொட்டல்"னேன்.

புருசன் போயி, அந்தம்மா பாவம் தனியா இருக்குது. அதுக்கு எதுக்கு இன்னும் வேதன? நான் செஞ்சது நல்லதுதானே. நீங்களா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பீங்க.

அதுக்கப்பறம் அரூர் போவயில நானே நீலக் கதவு முன்னாடி எறங்கி நேராக் கேட்டேன். "இங்க செத்தது யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க யாருன்னு சொல்லுங்க"ன்னேன்.

குடத்தக் கீழ வெச்சாங்க. பூங்காவனம்னு பேரு சொன்னாங்க. மாட்டுக்கு ஊசி போட வந்த மனுசன் தண்ணி கேட்டாரு, அப்படி ஆரம்பிச்சதுன்னாங்க. வருசக்கணக்கா அவரு வருவாரு, சாப்புடுவாரு, பொழுது சாயப் போயிருவாரு. வெளிய எங்கயும் சேந்து போனதில்ல. பென்னாகரத்துல பூங்காவனத்தோட அண்ணன் புது வீடு கட்டிக் குடி போனப்ப, "ஒரே ஒரு தடவ, பத்து பேரு பாக்க என்கூட வாங்க"ன்னு கேட்டிருக்குது. அவரு முடியாதுன்னுட்டாரு. அதுக்கடுத்த வாரம் அவரு வண்டி சத்தம் கேட்டதும் பூங்காவனம் உள்ள தாழ்ப்பாப் போட்டுக்கிச்சு.

"சத்தம் வாசல்லயே நின்னுச்சு. அணையல. அவரு எறங்கி வருவாரு, கதவத் தட்டுவாருன்னு நான் உள்ள உக்காந்திருந்தேன். என் கோவம் ஆறட்டும்னு அவரு வண்டியில உக்காந்திருக்காருன்னு நெனச்சேன். தட்டட்டும், தட்டட்டும்னு இருந்தேன். எஞ்சின் ஓடிட்டே இருந்துச்சு. எனக்கு ரோசம் ஏறிட்டே போச்சு. அப்புறம் சத்தம் மாறிச்சு. தடதடன்னு அடிச்சுது. சன்னல்ல பாத்தா ஒரே ஆவி. குடத்தத் தூக்கிட்டு ஓடினேன்."

கீழ வெச்ச குடத்தத் தடவிக்கிட்டே, "அந்தக் குடத்த மொதல்லயே எடுத்துட்டு வந்திருக்கலாம்"னாங்க. "இப்ப இந்தச் சத்தம் கணவாய்க்குக் கீழ கேக்கறப்பவே எடுத்துர்றேன்."

யோசிச்சுப் பாருங்க. அந்த ஒத்த வீட்டுல, அந்த வண்டியோட சத்தம் எப்ப வரும்னு காதத் தீட்டி வெச்சுக்கிட்டு ஒரு உசுரு. அத நான் எப்படி நிறுத்தாமத் தாண்டிப் போவேன்? மனுசனுக்கு எரக்கம்னு ஒண்ணு இருக்குதில்ல. அதனால அப்புறமெல்லாம் முள்ளு செவப்புக்கு வர்ற வரைக்கும் நான் காத்திருக்கறதில்ல. கொஞ்சம் எந்திரிச்சாலே நிறுத்திர்றது. எஞ்சினுக்கும் அதுதான் நல்லது. இம்மானுவேலுவே சொல்லியிருக்கான், சூடு ஏறுனதத் தெரிஞ்சும் ஓட்டுனா எஞ்சின் உள்ள இறுகிப் பூட்டிக்கும்னு.

வளர்மதிக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது. அரூர்ல அவ ஒண்ணுவிட்ட அக்கா மக சீருக்கு ஒரு தடவ நாங்க சேந்து போனோம். முள்ளு அசையல. அவ பக்கத்துல உக்காந்து அந்த முள்ளையேதான் பாத்துட்டு வந்தா. கடைசி வளைவு தாண்டினதும் நீலக் கதவு தெறந்துச்சு. பூங்காவனம் குடத்தோட வெளிய வந்துச்சு. முகத்துல ஒரு வெளிச்சம். வண்டிக்குள்ள ரெண்டு பேரப் பாத்ததும் அந்த வெளிச்சம் போயிருச்சு, அப்படியே திரும்பி உள்ள போயிருச்சு.

"யாரு அது?"ன்னா வளர்மதி.

"எனக்கென்ன தெரியும்?"னேன்.

"உங்களப் பாத்துத்தான வந்தா."

"தண்ணி எடுக்கப் போவுது. ரோட்டோரத்துல இருக்கிறவங்க வெளிய வரக்கூடாதா?"

அவ திரும்பித் திரும்பி அந்தக் கதவையே பாத்துட்டு வந்தா. சீரு முடிஞ்சு, வீட்டுக்கு வந்து சீலையக் கூட மாத்தாம சோபாவுல உக்காந்துட்டு, "போன மாசம் என் பொறந்த நாளுக்கு ஏன் லேட்டு?"ன்னு கேட்டா. வண்டி சூடாயிருச்சுன்னு அன்னிக்கே சொன்னேனேன்னேன். உண்மையத்தான சொன்னேன். அதுக்கு அவ ஏன் அழணும்? அழுதா. நான் சாரதாம்மா கதைய எடுத்துச் சொல்லி, அந்த மனுசன் சொன்னது பொய்யி, நான் சொல்றது நெசம், வித்தியாசம் இருக்குதில்லன்னு பொறுமையா விளக்கினேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்குத் தெரியாம இம்மானுவேலு ஷெட்டுக்குப் போயி வண்டியப் பத்திக் கேட்டிருக்கா. அவன் என்ன சொன்னானோ, அன்னிலருந்துதான் வண்டிய விக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா.

பாருங்க, நான் எங்கயோ போயிட்டேன். கடைசியா நடந்ததச் சொல்லிர்றேன்.

போன மாசக் கடைசி. நல்ல வெயில். வழக்கம்போல நிறுத்தினேன். பானட்டத் தூக்கிட்டு சேர்ல உக்காரப் போனேன். பூங்காவனம் தண்ணி ஊத்தல. குடத்த ஓரமா வெச்சுட்டு, "உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல எவ்வளவு நேரந்தான் உக்காந்திருப்பீங்க"ன்னுச்சு.

அது வரைக்கும் நான் அந்த வாசப்படி ஏறினதில்ல. சத்தியமா ஏறினதில்ல. அன்னிக்கு ஏறினேன். உள்ள ஒரு கயித்துக் கட்டலு, ஒரு மிக்சி, செவுத்துல ஒரு காலண்டரு. களியும் கீரையும் போட்டுக் குடுத்துச்சு. சாப்பிட்டேன். வெளிய எஞ்சின நான் அணைக்க மறந்துட்டேன் போல, ஓடற சத்தம் உள்ள கேட்டுட்டே இருந்துச்சு. எந்திரிச்சுப் போயி அணைக்கணும்னு மனசு சொல்லுது, ஒடம்பு எந்திரிக்கல. ஒடம்புல ஒரு பாரம், வேற யாரோ எனக்குள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கிற மாதிரி. போன் அடிச்சுது. வளர்மதி. எங்க இருக்கீங்கன்னா. வண்டி சூடாயிருச்சு, ஆற வெச்சுட்டு வர்றேன்னேன். சொல்லிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. குரலு என்னுதா இல்ல. கம்மி, கொஞ்சம் இழுத்து. நான் அப்படிப் பேச மாட்டேன், இத்தன நேரமாக் கேக்கறீங்களே, நான் இழுத்தா பேசறேன்?

போன வெச்சதும் பூங்காவனம் எதுத்தாப்புல தரையில உக்காந்துச்சு. என் மூஞ்சியப் பாக்கல. என் கையப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு.

"என்மேல கோவம் எதுனா இருக்குதா?"

அது என்கிட்டக் கேட்டதில்லன்னு எனக்குத் தெரியும். நான் முட்டாள் இல்ல. ஆனாப் பதில் சொல்ல அங்க வேற யாரும் இல்லீங்களே.

"இல்ல. கோவமே இல்ல"ன்னேன்.

அதுக்கப்பறம் அது அழுத மாதிரி ஒரு அழுகைய நான் எந்த எழவு வீட்டுலயும் பாத்ததில்ல. சத்தமே இல்ல. அழுது முடிச்சு, மூஞ்சி கழுவி, தலைய முடிஞ்சுக்கிட்டு, "போய்ட்டு வாங்க, நேரமாவுது"ன்னுச்சு. வாசலுக்கு வந்து நின்னுச்சு. கைய மட்டும் லேசாத் தூக்கிச்சு.

அடுத்த வாரம் போறேன். கடைசி வளைவு. முள்ளு எந்திரிக்குது. நிறுத்தறேன். கதவுல பூட்டு தொங்குது.

ஆடு மேய்க்கிறவரு ஒருத்தரு வந்தாரு. விசாரிச்சேன். அண்ணன் வீட்டோடயே இருந்துக்கறேன்னு பென்னாகரம் போயிருச்சுன்னாரு. "ரொம்ப நாளா நெஞ்சுல இருந்த பாரம் எறங்கிருச்சு, இனிமே எனக்கு இந்த எடத்துல வேல இல்லன்னு சொல்லிட்டு, சிரிச்ச மூஞ்சியோட பஸ் ஏறுச்சுங்க"ன்னாரு.

சிரிச்ச மூஞ்சியோட. எனக்கு ஒரு வார்த்த இல்ல. வாராவாரம் அந்த வெயில்ல நின்னது நானு. பட்டறைய விட்டு, வீட்ல பேச்சு வாங்கி, யாரோ செத்த மனுசனுக்காக வாயத் தெறந்து பதில் சொன்னது நானு. எனக்கு இது ஒரு மனக்கொறதாங்க. நீங்க அந்நியரு, அதனால உங்ககிட்டச் சொல்றேன். பாரம் எறங்கிருச்சாம். எறங்குன பாரம் எங்கயாச்சும் போயி உக்காரணுமில்ல?

அதுக்கப்பறமும் முள்ளு எந்திரிக்கிறது நிக்கல. இம்மானுவேலு எல்லாத்தையும் மாத்திட்டான், புதுசா மாத்த ஒண்ணும் பாக்கி இல்ல. நான் அந்த வீட்டு முன்னாடி நிறுத்தி, எஞ்சின அணைக்காம உக்காந்திருப்பேன். அணைச்சாத்தான் ஆறும்னு சொல்லுவீங்க. தெரியுது. ஆனா ஒருவேள அது எதாவது சாமான் எடுக்கத் திரும்பி வந்து, பின்னாடி வழியா உள்ள போயிருந்தா? கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தா? சத்தம் கேட்டாத்தான வெளிய ஆளு வந்திருக்குன்னு தெரியும். போன வாரம் எறங்கிப் போயி கதவத் தட்டினேன். பூட்டுத் தொங்குது, கண்ணுக்குத் தெரியுது. இருந்தாலும் தட்டினேன். யாராவது ஒருத்தரு தட்டியிருக்கணுமில்ல.

டம்ளர் சத்தம் கேக்குது, வளர்மதி வர்றா. ஒரு ஒத்தாச பண்ணுங்க. இப்ப வண்டியப் பாக்கலாம்னு அவ உங்களக் கூட்டிட்டுப் போவா. ஸ்டார்ட் பண்ணுவா. நீங்க கொஞ்ச நேரம் காதக் குடுத்துக் கேட்டுட்டு, இந்தச் சத்தம் சரியில்லீங்க, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டு ஆத்தூர் பஸ்ஸு ஏறிருங்க. உங்களுக்கு இதவிட நல்ல வண்டி கெடைக்கும், நானே பாத்துத் தர்றேன். நாளைக்கு எனக்கு அரூர்ல கட்டாயம் வேல இருக்குது.